கவிழ்க்கும் நேரம்

பூங்கல்லைத் தலைகீழாகத்தான் செய்வோம்.
கண்ணாடிமேல் முகம் குப்புறக் கிடக்கும்,
முதுகில் சிமெண்ட் ஏறும்.
ஆத்தங்குடியில் இருபது வருஷமாக எனக்குக்
கீழே இருப்பதுதான் மேலே.

கானாடுகாத்தான் ஓட்டல் ஒன்றில்
சமையற்கட்டுக்குத் தளம் போட்டபோது
சேவியர் என்கிற சமையல்காரர்
ஒரு பாத்திரத்தைத் தட்டில் கவிழ்த்து
முதுகில் இரண்டு தட்டுத் தட்டித் தூக்கினார்.
கரணை என் கையில் அப்படியே நின்றது.
பழுப்பு முகம். நடுவில் அன்னாசி வளையம்.
சுற்றிலும் செர்ரி.
"இது நம்ம தொழிலாச்சே" என்றேன்.
ஒரு துண்டு கொடுத்தார், செய்முறையையும்,
ஒரே மூச்சில், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

தீபாவளிக்கு அழகுமீனா வருகிறாள்.
கல்யாணமாகி இரண்டு தீபாவளி போயாச்சு;
தலைதீபாவளி இதுதான்.
கூப்பிடாமல் இருந்தவன் நான்.
இப்போதும் போன் போட்டது பாண்டிச்செல்விதான்.
மாப்பிள்ளை தனசேகர். ஓசூரில் லேத்து வேலை.
அவரோடு நான் பேசியதில்லை,
அவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.
அது போய்ச் சேர்ந்திருக்கும்.

அதிரசமும் மனகோலமும்
பாண்டிச்செல்வி பார்த்துக்கொண்டாள்.
எனக்கு ஒரு அடுப்பு விட்டாள்.

ரொட்டியை முந்தாநாளே வாங்கினேன்.
புது ரொட்டி பாலில் கூழாகிவிடும் என்றிருந்தார் சேவியர்.
ஈர மணல் கதைதான்.
வெட்டிய ஓரங்களைப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.
சட்டியில் வெறும் சீனி.
கிளறாமல் நின்றேன்.
மஞ்சள், தேன், செம்மண்;
அடுத்த நொடி கரி.
செம்மண்ணில் இறக்கிப்
பாத்திரத்தின் அடியில் சுழற்றிவிட்டேன்.

அதன்மேல் அன்னாசி.
மலைவாழைப்பழத் துண்டுகள் ஆரம் ஆரமாக.
இடுக்கில் மாதுளை முத்து, உலர்திராட்சை.
முந்திரியின் நல்ல பக்கம் கீழே.
"நல்ல பக்கத்தை யாராச்சும் ஒளிச்சு வைப்பாகளா?"
என்றாள் பாண்டிச்செல்வி, எண்ணெய்க் கரண்டியோடு.
இருபது வருஷம் சோறாக்கிப் போடுகிறாள்,
பட்டறைக்குள் ஒரு நாள் வந்ததில்லை.

பால், இரண்டு முட்டை, ஏலக்காய்.
நனைந்த ரொட்டியை அடுக்கி
உள்ளங்கையால் அமுக்கினேன், காற்றுப் போக.
அப்படி அமுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
இட்லிச் சட்டியில் இறக்கி
மூடியில் துணி கட்டினேன்,
வேர்வை முகத்தில் சொட்டாதிருக்க.
முக்கால் மணி நேரம்.
வீடு முழுக்க முட்டையும் ஏலக்காயும்
வெளியே சரவெடி மருந்தும்.

இரண்டு மணி நேரம் ஆறணும்.
கல்லென்றால் மூன்று நாள் தண்ணீரில் கிடக்கும்,
கண்ணாடி தானாக விடும்.
அவசரப்பட்டவன்
முகத்தைக் கண்ணாடியில் விட்டுவிட்டு
முதுகை எடுத்துப் போவான்.
எத்தனை பையன்களை இதற்குத் திட்டியிருக்கிறேன்.

பதினொரு மணிக்கே ஆட்டோ வந்துவிட்டது.
செருப்புக் கழற்றும் சத்தம்.
"அண்ணன் எங்க அண்ணி?"
இரண்டரை வருஷம் கழித்து அந்தக் குரல்
சமையற்கட்டு வரைக்கும் வந்தது.
வாசலுக்குப் போகணும். வாங்க என்று சொல்லணும்.
வெறுங்கையோடு அது வராது என்று பட்டது.
பாத்திரம் இன்னும் சுட்டது.
தட்டை மேலே வைத்தேன்.
கவிழ்த்தேன்.

பாதி முகம் தட்டில்.
பாதி பாத்திரத்தில்.
அன்னாசி வளையம் நடுவில் அறுந்து
செம்மண் பாகு ஒரு பக்கமாக ஓடியது.

அதைத் தூக்கிக்கொண்டு நின்றேன்,
பட்டறையில் யாரும் வாங்காத கல்லோடு நிற்பதுபோல.
தனசேகர் குனிந்து பார்த்தார்.
தட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.
"டாலரன்ஸ் கொஞ்சம் தப்பிடுச்சு, மச்சான்" என்றார்.

சிரித்தது பாண்டிச்செல்வி முதலில்.
அழகுமீனா தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
நேரே உள்ளே போய்ப் பாத்திரத்தை
மடியில் வைத்து, புதுச் சேலையோடு,
தேக்கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
"முந்திரி எல்லாம் இங்கதான் இருக்கு" என்றாள்
வாய் நிறைய.

தட்டும் காலியாகி, கையும் கழுவி,
அவர் துண்டைத் தேடும்போதுதான்
ஞாபகம் வந்தது எனக்கு.

"வாங்க" என்றேன்.